உவர் நிலத்தில் 'கம்பெனி எண்ணெய்' வித்து போடலாமா?

கேள்வி: திருப்புல்லாணி பக்கம் 3 ஏக்கர் மானாவாரியில் முண்டு மிளகாய் போடுகிறேன். கிணற்றுத் தண்ணீர் உப்பு. கடல் பக்கம் ஒரு ஏக்கர் உவர் பூத்து சும்மா கிடக்கிறது. பெயிண்ட், பிளாஸ்டிக் கம்பெனிகளுக்கு எண்ணெய் தரும் 'வெர்னோனியா' என்ற புதுப்பயிரைப் போடச் சொல்கிறார் ஒருவர். விதைக்கு நாம் பணம் கட்ட வேண்டும், விளைச்சலை அவரே எடுத்துக்கொள்வாராம். நம்பி இறங்கலாமா?

பதில்: இறங்க வேண்டாம் ஐயா.

பயிரைப் பற்றி அவர் சொல்வது பொய்யில்லை. வெர்னோனியா எத்தியோப்பியப் பக்கத்துச் செடி. நம் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் காட்டுச்சீரகத்துக்கு நெருங்கிய உறவு. இரண்டின் எண்ணெயிலும் வெர்னோலிக் அமிலம்தான் பெரும்பங்கு. பெயிண்டுக்கும் பிளாஸ்டிக்கை இளக்குவதற்கும் வேண்டிய எபாக்சி என்ற ஆக்சிஜன் சேர்ந்த வேதி அமைப்பு அதில் இயற்கையாகவே இருக்கிறது. அதனால்தான் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகள் இதன் பின்னால் அலைந்தார்கள். ஆனால் விதை ஒரே சமயத்தில் முற்றாது, முற்றியது உதிர்ந்துவிடும். கம்பெனிக்காரரோ மலிவான சோயா எண்ணெயை ஆலையிலேயே எபாக்சியாக மாற்றிக்கொள்கிறார். உங்கள் விதையைச் சொன்ன ஆள் எடுக்காவிட்டால் அதை விற்க வேறு சந்தை கிடையாது. டீசலுக்கு எண்ணெய் தரும் என்று காட்டாமணக்கை நட்டுவிட்டு வாங்க ஆளில்லாமல் பிடுங்கிப் போட்டவர்களை நம் மாவட்டத்திலும் கேட்டுப் பாருங்கள்.

தொழிற்சாலைக்கான எண்ணெய்தான் உங்கள் எண்ணம் என்றால் ஆமணக்கு இருக்கிறது. அதன் எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் ரிசினோலிக் அமிலம். நைலான் 11 என்ற பிளாஸ்டிக், பிளாஸ்டிக் தொழிலுக்கு வேண்டிய செபாசிக் அமிலம், உயவு எண்ணெய், மை என்று அதற்கு நிலையான தேவை உண்டு. விலையைத் தீர்மானிப்பது குஜராத் என்றாலும், விருதுநகர் வியாபாரிகளிடம் ஒரு போன் போட்டால் அன்றைய நிலவரம் தெரிந்துவிடும்.

முழு நிலத்திலும் போடாதீர்கள். மிளகாயைச் சுற்றி வரப்போரமாக ஒரு வரிசை போதும். மிளகாயைத் தின்னும் புரொடீனியா புழுவின் தாய் அந்துப்பூச்சி அகன்ற ஆமணக்கு இலையைத் தேடி வந்து முட்டைக் குவியல் வைக்கும். வாரம் இரண்டு முறை அந்த இலைகளைக் கிள்ளி அழித்தால் மிளகாய்க்கு மருந்துச் செலவு குறையும். ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தின் ஒய்.ஆர்.சி.எச். 1 வீரிய ஒட்டு ஐந்து மாதப் பயிர். ஐப்பசி முதல் மழையில் ஊன்றினால் மழை ஓய்ந்த பிறகு தை, மாசியில் குலை முற்றும். ஈரத்தில் வரும் சாம்பல் பூசணத்துக்குத் தப்பலாம். ஆமணக்குக்குத் தண்ணீர் தேங்கவே கூடாது, மேட்டில் ஊன்றுங்கள்.

அந்த உவர் ஏக்கரில் ஆமணக்கும் வராது. முதலில் ராமநாதபுரம் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தில் மண்ணைக் கொடுத்துப் பாருங்கள். மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டினால் அது உவர் நிலம். அப்படிப்பட்ட நிலத்துக்கு எனக்குப் பிடித்தது நம் கடற்கரையில் தானாகவே நிற்கும் உகா மரம். அதன் விதை எண்ணெயில் மிரிஸ்டிக், லாரிக் அமிலங்கள் மிகுதி, சோப்புக்கு ஏற்றது. குஜராத்தின் உவர் கரிசலிலேயே வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பலன் தரச் சில ஆண்டு ஆகும், விதை வாங்குபவரும் குறைவு. ஆகவே வேலியோரமாக நட்டு வையுங்கள், இப்போதைக்கு வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆமணக்குப் புண்ணாக்கில் ரைசின் என்ற நஞ்சு உண்டு. மிளகாய்க்கு அடியுரமாக இடலாம். ஆடு, மாடு வாய் வைக்காத இடத்தில் மூட்டையை வையுங்கள்.