பட்டாளத்து ஆஸ்பத்திரியைப் படமெடுக்க நாற்பதாயிரம் வேண்டுமா?

கேள்வி: மதுரைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் 'பட்டாளத்து ஆஸ்பத்திரி' என்று சொல்லப்படும் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம் இருக்கிறது. இடிக்கப்போவதாகப் பேச்சு. ஒருவர் ட்ரோனில் படமெடுத்து, 'பாரம்பரியச் சான்றிதழும்' வாங்கித் தர ரூ.40,000 கேட்கிறார். கொடுக்கலாமா? கைபேசி போதாதா?

பதில்: கொடுக்காதீர்கள். படம் எடுத்ததால் மட்டும் ஒரு கட்டடத்துக்குப் பாரம்பரியத் தகுதி வந்துவிடாது. அதை அரசு அறிவிக்க வேண்டும், தனியாள் விற்க முடியாது.

கைபேசி போதும். அமெரிக்காவில் 1933 முதல் நடக்கும் வரலாற்றுக் கட்டடப் பதிவுக்குப் பெரிய நெகட்டிவ் உள்ள கறுப்பு வெள்ளை ஃபிலிம் கேட்பார்கள். உங்களுக்கு அது வேண்டாம். கைபேசியை மேலே சாய்க்காமல், சுவருக்கு நேராகப் பிடியுங்கள். ஒரு மீட்டர் கம்பில் கறுப்பும் வெள்ளையும் மாற்றி வண்ணமடித்து, படத்தில் அளவு தெரியும்படி சுவரோரம் நிறுத்துங்கள். நான்கு பக்கமும் எடுத்த பிறகு உள்ளே போங்கள்.

எதை எடுப்பது என்று தெரிய, பட்டாளத்து ஆஸ்பத்திரியின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். இந்தியாவில் இருந்த ராணுவத்தின் சுகாதாரம் பற்றிய பிரிட்டிஷ் அரச ஆணைய அறிக்கை 1863இல் வந்தது. அதற்காக உழைத்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். நோயாளிக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தியவர். அதனால் எதிரெதிர் ஜன்னல்கள், கூரையோரக் காற்றுத் துளைகள், சுற்று வராண்டா, தள்ளி நிற்கும் சமையல்கட்டு, கழிவறை, பிணவறை எல்லாம் முக்கியம். பெரும்பாலோர் முகப்பை மட்டும் எடுத்துவிட்டுப் போகிறார்கள். ஆஸ்பத்திரி என்று காட்டிக்கொடுப்பது பின்பக்கம்தான்.

எதையும் சுத்தம் செய்யாமல் எடுங்கள். 1858இல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் மதுரையில் எடுத்த படங்களால்தான், சீரமைப்புக்கு முன் திருமலை நாயக்கர் மகால் சிதைந்து நின்ற கோலம் நமக்குத் தெரிகிறது.

ஒரே ஒரு விலக்கு உண்டு, கவனமாகக் கேளுங்கள். அடிக்கல்லையோ எழுத்துள்ள கல்லையோ செடி மறைத்தால் வெட்டலாம். வெட்டுவதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். கிளையை மட்டும் வெட்டுங்கள், வேரைப் பிடுங்காதீர்கள். சுண்ணாம்புக் காரைக்குள் ஓடிய அரசமர வேரை இழுத்தால் கல்லும் கூடவே வரும். எழுத்து மங்கலாக இருந்தால் சாக்பீஸ் தேய்க்காமல், சாயங்காலம் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். எழுத்து தானாக எழுந்து நிற்கும்.

அப்புறம், படமெடுக்க வருபவர் எல்லோரும் படத்துக்காக வருவதில்லை. பழைய தேக்கு வாங்கும் தரகர்கள் கேமராவோடு வந்து, உத்தரத்தையும் கதவையும் எண்ணிக்கொண்டு போவார்கள். ஒரு மாதத்தில் நிலைக்கதவு காணாமல் போகும். கதவு போன வாசலில் மழை இறங்கும், சுவர் உப்பும், 'அபாயகரமான கட்டடம்' என்று எழுதிவிடுவார்கள். அதனால் மர வேலைப்பாட்டை எடுங்கள், ஆனால் இடத்தின் பெயரோடு ஃபேஸ்புக்கில் போடாதீர்கள்.

மனுவும் கொடுங்கள், ஆனால் பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ஒரு கட்டடத்துக்கு நான் கொடுத்த மனு மூன்று அலுவலகம் சுற்றி, 'எங்கள் வரம்பில் இல்லை' என்று திரும்பி வந்தபோது அங்கே கூரையே இல்லை. யாரும் நேரில் போய்ப் பார்க்கவில்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஒவ்வொரு படத்துக்கும் எண், தேதி, எந்தத் திசை பார்த்து எடுத்தது என்று நோட்டில் எழுதுங்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும். மூலக் கோப்பையே மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். முக்கியமானவற்றைத் தாளில் அச்சிட்டு சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். பழைய மாவட்டப் பதிவேடுகளோடு ஒப்பிட உதவும். நாளைக் காலையே கிழக்குச் சுவரில் தொடங்குங்கள்.