ஸ்மால்வில் டிஸ்க் வாங்கப்போறீங்களா? முதல்ல பொட்டிய திருப்பி பின்பக்கத்த படிங்க

சூப்பர்மேன் ஆகுறதுக்கு முன்னாடி கிளார்க் கென்ட்டோட இளவயசு கதைய சொல்ற அமெரிக்க டிவி சீரியல் ஸ்மால்வில் பத்தி சும்மா ரெண்டு வரி எழுதினதுக்கு வந்த கேள்விங்கள பாத்தா, பாதிப்பேர் வீட்டு பரண்ல டிவிடி பொட்டி தூங்குது போல. ஸ்ட்ரீமிங்ல இன்னைக்கு இருக்குறது நாளைக்கு காணாம போற கடுப்புல மறுபடி டிஸ்க் பக்கம் வர்றவங்களும் இருக்கீங்க. தனித்தனியா பதில் போட நேரமில்ல, ஒரே மாதிரி கேட்டத சேத்து இங்கயே சொல்லிடுறேன்.

சேலத்துலேர்ந்து ஒரு தம்பி: அண்ணா, முதல் சீசன் டிவிடி செட் செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா வருது. வாங்கவா, இல்ல ப்ளூரேக்கு காசு சேக்கவா?

அந்த செட் 2003 செப்டம்பர்ல அமெரிக்காவுல வந்தது, 6 டிஸ்க், 21 எபிசோட். 2001 அக்டோபர்ல டபிள்யூபி சேனல்ல சீரியல் ஆரம்பிச்சப்ப முக்காவாசி வீட்ல சதுர டிவி தான், டிவிடில தான் முழு அகலத்துக்கு வந்துச்சு, அதனால அப்ப அது பெரிய விஷயம். ஆனா கணக்கு போட்டு பாரு, ஒரு டபுள் லேயர் டிவிடில (ஒரே பக்கத்துல ரெண்டு அடுக்கா டேட்டா இருக்குறது) எட்டரை ஜிபி தான் இடம், அதுல நாலு எபிசோட திணிச்சா ஒண்ணுக்கு ரெண்டு ஜிபி சொச்சம் தான் தேறும். பகல் சீன்ல இது தெரியாது, கென்ட் பண்ணை மஞ்சளும் செவப்புமா பளிச்னு தான் இருக்கும். பைலட்ல, அதான் முதல் எபிசோட்ல, கிளார்க்க சட்டைய கழட்டி நெஞ்சுல செவப்பு பெயிண்ட்ல எஸ் போட்டு சோளக்காட்டுல கட்டி தொங்க விடுவானுங்க பாரு, அந்த ராத்திரி சீன பெரிய டிவில போடு, பின்னாடி இருட்டு கட்டம் கட்டமா நெளியும். டிவில கோளாறு இல்ல, டிஸ்க்ல இடம் பத்தல, அவ்ளோதான்.

டிவிடிய விட நெறைய இடம் இருக்குற ப்ளூரே டிஸ்க்ல முதல் 5 சீசன் ரொம்ப நாளா வரவே இல்ல, 2021ல இருபதாவது வருஷத்துக்குன்னு பத்து சீசனையும் ஒரே பொட்டியா போட்டப்ப தான் வந்துச்சு. சீரியல ஃபிலிம்ல எடுத்திருந்ததால நல்ல தெளிவு. பத்தையும் பாக்குற ஐடியா இருந்தா அத வாங்கு. முதல் சீசன் மட்டும் ஒரு தடவ பாக்கணும்னா டிவிடியே போதும், 32 இன்ச் டிவில ஒண்ணும் குத்தம் தெரியாது.

நாகர்கோவில்லேர்ந்து ஒரு சார்: மச்சான் அமெரிக்காவுலேர்ந்து டிவிடி செட் கொண்டு வந்தார். பிளேயர்ல போட்டா ரீஜன் எரர்னு வருது. என்ன பண்றது?

சார், ரீஜன்னா எந்த ஊரு பிளேயர்ல ஓடணும்னு டிஸ்க்ல போட்ட பூட்டு. அமெரிக்க டிவிடி ரீஜன் 1, நம்ம ஊரு ரீஜன் 5. டிஸ்க்ல ஒண்ணும் கெடுதல் இல்ல, பிளேயர் தான் கதவ தெறக்க மாட்டேங்குது. ஆல் ரீஜன் பிளேயர் ஒண்ணு வாங்குங்க, பிரச்சன முடிஞ்சுது. கம்ப்யூட்டர்ல போட்டு ரீஜன் மாத்தலாம்னு யாராவது சொன்னா உஷாரு, அந்த டிரைவ்ல மொத்தமே 5 தடவ தான் மாத்த விடும், அஞ்சாவது தடவ எதுல நிக்குதோ அதுலயே பூட்டிக்கும். என் பழைய லேப்டாப் அப்டித்தான் ரீஜன் 2ல போய் மாட்டி கடைசி வரைக்கும் வெள்ளக்கார டிஸ்க் மட்டும் தான் படிச்சுது.

இதுலயே இன்னொண்ணும் இருக்கு. அமெரிக்க டிஸ்க் என்டிஎஸ்சி, இங்கிலாந்து டிஸ்க் பால் (மாட்டுப்பால் இல்ல சார், ரெண்டும் டிவி சிஸ்டம் பேரு). பால்ல படம் 576 வரி, என்டிஎஸ்சில 480 தான், அதனால பால் தான் ஒசத்தின்னு தோணும். ஆனா செகண்டுக்கு 24 ஃப்ரேம்ல எடுத்தத பால்ல 25ஆ ஓட்டிடுறாங்க, அதாவது நூத்துக்கு நாலு பங்கு வேகம் கூடுது, 42 நிமிஷ எபிசோட் 40 நிமிஷம் சொச்சத்துல முடிஞ்சிரும், குரலும் லேசா மேல ஏறிடும். பலபேர் கவனிக்க மாட்டாங்க. எனக்கு டைட்டில் பாட்டு ஆரம்பிச்ச உடனேயே பல்லு கூசும், வில்லன் லெக்ஸ் குரல் வேற பாதி கனம் கொறஞ்ச மாதிரி இருக்கும். மச்சான் கொண்டு வந்தது என்டிஎஸ்சி தான், சந்தோஷமா வச்சுக்கோங்க. ப்ளூரே வாங்குறவங்களுக்கு ஏ, பி, சின்னு வேற கோடு, நம்மது சி. இந்த டிஸ்க்க வெளியிடுற வார்னர் கம்பெனியோட ப்ளூரே பெரும்பாலும் பூட்டு இல்லாம தான் வரும், ஆனாலும் பின்பக்கத்த படிங்க.

மதுரை: பாஸ், அஞ்சாவது சீசன் ஹெச்டி டிவிடி அடிமாட்டு விலைக்கு வருது, ப்ளூரே பிளேயர்ல ஓடுமா?

ஓடாது. அந்த செவப்பு டப்பாவ பாத்தா கைய பின்னாடி கட்டிக்கோங்க. ப்ளூரேயோட சண்ட போட்டு 2008 பிப்ரவரில அதுக்கு பின்னாடி நின்ன தோஷிபா கைய விரிச்சதோட அந்த ஃபார்மட் செத்துப்போச்சு. அத ஓட்டுற பிளேயர தேடி அலையுற காசுக்கு ரெண்டு டிவிடி செட் வாங்கிடலாம்.

சென்னையிலேர்ந்து ஒரு அக்கா: ஆறாவது சீசன் டிவிடி புதுசாவே வாங்கி பத்திரமா வச்சிருந்தேன், ஒரு கீறல் கூட இல்ல. இப்ப போட்டா ரெண்டு எபிசோட் நல்லா ஓடி அப்புறம் அப்டியே நிக்குது. பிளேயர் போச்சா?

அக்கா, பிளேயர திட்டாதீங்க. வேற டிஸ்க் ஒண்ணு போட்டு பாருங்க, அது ஓடிச்சுன்னா கோளாறு இதுல தான். டிவிடிங்குறது ரெண்டு பிளாஸ்டிக் தகட பசை வச்சு ஒட்டினது, ஒவ்வொண்ணும் 0.6 மில்லிமீட்டர், நடுவுல தான் டேட்டா. அந்த பசை சரியில்லன்னா உள்ள இருக்குற பளபள லேயர் கெட்டுப்போயிரும், வெளிய பாத்தா புதுசு மாதிரியே மின்னும். முன்பாதி ஓடி, லேயர் மாறுற எடத்துக்கு அப்புறம் தொங்குறது இதோட கிளாசிக் அடையாளம். லைட்டுக்கு எதிர்ல புடிச்சு பாருங்க, சில டிஸ்க்ல மூடுபனி மாதிரி தெரியும், சிலதுல எதுவுமே தெரியாது.

2006லேர்ந்து 2008க்குள்ள தயாரான தன்னோட சில டிவிடிங்க இப்டி கெட்டுப்போகுதுன்னு வார்னரே 2025 மார்ச்ல ஒத்துக்கிச்சு, மாத்தி தர்றோம்னும் சொன்னாங்க. ஆறாவது சீசன் டிவிடி வந்தது 2007, அஞ்சாவது 2006, ரெண்டும் அந்த காலம் தான். அதுக்காக எல்லா செட்டும் போச்சுன்னு அர்த்தம் இல்ல, என்னோட அஞ்சாவது சீசன் இன்னும் ஜம்முனு ஓடுது. மெனு வருதுன்னு பாத்துட்டு நிறுத்தாம, ஒவ்வொரு டிஸ்க்லயும் கடைசி எபிசோட ஓட விட்டு பாருங்க. இன்னும் நல்லது கம்ப்யூட்டர்ல மொத்த டிஸ்க்கையும் காப்பி போட்டு பாக்குறது, கெட்ட எடத்துல அதுவே முட்டி நிக்கும். உங்க கேஸ்ல பில்லு இருந்தா எடுத்து வச்சுக்கிட்டு வார்னர் கஸ்டமர் சர்வீஸுக்கு எழுதி பாருங்க. டூத்பேஸ்ட் வச்சு தேய்க்க மட்டும் செய்யாதீங்க, அது உள்வியாதி, மேல தேச்சு என்ன பிரயோஜனம்?

தொடைக்குறது பத்தியும் நாலு பேர் கேட்டிருந்தீங்க: நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா நேரா தொடைங்க, வட்டமா வேணாம். வட்டமா கீறல் விழுந்தா ஒரே வரிசை டேட்டா மொத்தமா போகும், குறுக்கால விழுந்தா பிளேயரே சமாளிச்சுக்கும்.

ஈரோடு: தமிழ் டப்பிங் இருக்கா?

டிஸ்க்ல இல்ல.

பாண்டிச்சேரி: சீல் பிரிக்காத மொத்த டிவிடி செட் ஒருத்தர் விக்குறார், பிரிக்காம வச்சிருந்தா பின்னாடி நல்ல வெல போகுமாம், உண்மையா?

2011 நவம்பர்ல வந்த 62 டிஸ்க் பொட்டிய சொல்றீங்கன்னு நெனைக்குறேன். அதுல ஒரு சூப்பர் அயிட்டம் இருக்கு, 1961ல சூப்பர்பாய் கதைய டிவிக்கு எடுத்து ஒளிபரப்பாமலே கிடப்புல போட்ட பைலட். பிரிக்காம வச்சா அத எப்டி பாப்பீங்க? நான் ஒரு தடவ சீல் போட்ட செட்னு நம்பி வாங்கி ஒரு வருஷம் ஷோகேஸ்ல வச்சு அழகு பாத்தேன், பிரிச்சா ஒரு டிஸ்க் பிடிலேர்ந்து கழண்டு உள்ளயே உருண்டு நடு ஓட்டையில விரிசல். வித்தவர் போனயே எடுக்கல. வாங்குன அன்னைக்கே பிரிச்சு 62ஐயும் சுத்த விடுங்க.

கடைசியா திருநெல்வேலி தங்கச்சி: டெஸ்ட் பண்ண ஒரே ஒரு எபிசோட் சொல்லுங்க அண்ணா.

ரெண்டாவது சீசன், ரொசெட்டா. பழைய படத்துல சூப்பர்மேனா நடிச்ச கிறிஸ்டோபர் ரீவ் வீல்சேர்ல உக்காந்து கிளார்க் கிட்ட நீ யாரு, எங்கேர்ந்து வந்தேன்னு சொல்ற சீன், பின்னணில அந்த பழைய சூப்பர்மேன் ட்யூன் மெதுவா வரும். 2003 பிப்ரவரில வந்துச்சு, அடுத்த வருஷம் அக்டோபர்ல ரீவ் செத்துட்டார். டிஸ்க் எங்கயாவது தொங்குதான்னு பாக்க தான் நானும் போடுவேன், பாதிலயே அத மறந்துட்டு உக்காந்திருப்பேன், அதனால நீ ஒரு தடவைக்கு ரெண்டு தடவ போட்டு பாத்துக்கோம்மா.