பாரம்பரியக் கட்டடத்தை ஒட்டி அடுக்குமாடி கட்டலாமா?

அந்த இடத்தின் விதிகள் அனுமதித்தால் கட்டலாம். ஆபத்து உயரத்தில் இல்லை, அஸ்திவாரத்தில்தான். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களுக்குப் பெரும்பாலும் ஆழமான அஸ்திவாரம் கிடையாது. பக்கத்து மனையில் அடித்தள பார்க்கிங்குக்குத் தோண்டி நிலத்தடி நீரை இறைத்தால் மண் அமுங்கி, சுவர் பிளக்கும். எனவே வேலை தொடங்குமுன் இருக்கிற விரிசல்களைப் படமெடுத்து, அவை விரிகின்றனவா என்று காட்டும் அளவுகோலை அவற்றின் மேல் ஒட்டிவிடுங்கள். புதுக் கட்டடத்தைத் தாங்க மண்ணில் ஆழமாக இறங்கும் தூணான பைலை அடித்து இறக்க வேண்டாம், அதிர்வு பழைய சுவரைத் தாக்கும். துளையிட்டு வார்ப்பதே நல்லது. கட்டட அதிர்வுக்கான ஜெர்மனியின் டின் 4150 தரம், 10 ஹெர்ட்ஸுக்குக் குறைவான குறுகிய நேர அதிர்வின் வேகத்துக்கு, பாரம்பரியக் கட்டடத்தின் அஸ்திவாரத்தில் வினாடிக்கு 3 மி.மீ. வரம்பு என்கிறது (சாதாரண வீட்டுக்கு 5). விரிசலைச் சிமெண்டால் அடைக்காதீர்கள்: ஈரம் உள்ளே சிக்கிச் செங்கல் உதிரும். சுண்ணாம்புச் சாந்துதான் சரி.

பழைய கட்டடத்தை இடித்து உயரமாகக் கட்ட முடியாத உரிமையாளரின் இழப்புக்கு, நியூயார்க்கில் இருப்பதுபோல, அந்த மனையில் கட்ட அனுமதி இருந்தும் பயன்படுத்தாத தளப்பரப்பு உரிமையை வேறு மனைக்கு விற்க விடலாம். வாங்க ஆளில்லாத பகுதிக்கு மட்டும் அனுமதித்தால் அது வெறும் காகிதம்.