பெயர் வெட்டிய பாத்திரங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். என் மகள் செப்டம்பரில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள், பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) பாடங்களில் ஒன்றான டிராயிங்கை எடுத்திருக்கிறாள். மே மாதத் தொடக்கத்தில் ஒரு பிரிவுக்கு 15 படங்களும் இன்னொரு பிரிவுக்கு 5 படைப்புகளும் அனுப்ப வேண்டுமாம். நான் கணினித் துறையில் இருப்பவள் என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒரு படம் என்று எக்செல்லில் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வெளியே ஓவியம் கற்றுக்கொள்ளும் இடத்தில், ‘அடையாளம்’ என்ற தலைப்பில் கோலம், பரதநாட்டியம், கோயில் என்று வரையச் சொல்கிறார்கள். இவளோ கோடை விடுமுறை முழுக்க, பாட்டி கொடுத்தனுப்பிய எவர்சில்வர் பாத்திரங்கள் சிங்க்கில் கிடப்பதையே பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். ஓவியம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவள் என்ற உரிமையில் கேட்கிறேன். இந்த ஓர் ஆண்டை எப்படித் திட்டமிடுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் அட்டவணையின் கணக்கு சரிதான். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, விடுமுறைகள் போக, ஏறத்தாழ 30 வாரங்கள். 15 படங்களுக்குப் பகிர்ந்தால் இரண்டிரண்டு வாரம் வரும். ஆனால் அந்த 15 என்ற எண்ணை, முடித்துச் சட்டம் போட்ட 15 ஓவியங்கள் என்று நீங்கள் வாசித்துவிட்டீர்கள். 2019–20 கல்வியாண்டில், ஏ.பி. பாடங்களை நடத்தும் காலேஜ் போர்டு இந்தப் பாடத்தை மாற்றியமைத்து, முன்பிருந்த மூன்று பிரிவுகளை இரண்டாக்கியது. அவற்றில் ‘சஸ்டெயின்டு இன்வெஸ்டிகேஷன்’ எனப்படும் தொடர் தேடலுக்கு 60 சதவீதம். ‘செலெக்டட் வொர்க்ஸ்’ எனப்படும் ஐந்து தேர்ந்தெடுத்த படைப்புகளுக்கு 40 சதவீதம். தொடர் தேடலுக்கான 15 படங்களில் முடிந்த ஓவியங்களோடு ஸ்கெட்ச் புத்தகத்தின் பக்கங்களும், பாதியில் நின்றவையும், தவறிப்போய்த் திருத்தப்பட்டவையும் இடம்பெறலாம். பயிற்சி, பரிசோதனை, திருத்தம் ஆகிய மூன்றும் படங்களிலேயே தெரிகின்றனவா என்று பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக முடித்து மூடி வைக்கும் திட்டத்தில், நேற்று வரைந்ததற்குத் திரும்பிப் போக இடமே இல்லை. உங்கள் மகள் அதைத் திறக்காமல் இருந்ததில் நியாயம் இருக்கிறது.

மதிப்பீட்டில் முதலில் பார்ப்பது, அந்தத் தேடலை நடத்திச் செல்லும் கேள்வி எது என்பதை. ‘அடையாளம்’ ஒரு தலைப்பு. அதன் கீழ் எதை வேண்டுமானாலும் அடுக்கலாம், எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கோலமும் கோயிலும் வரையத்தக்கவை அல்ல என்று நான் சொல்லவில்லை. இணையத்தில் கிடைக்கும் யாரோ எடுத்த புகைப்படத்தைப் பார்த்துக் கோபுரத்தை வரைவதைவிட, கைக்கெட்டும் தூரத்தில் தினமும் ஈரமாகக் கிடக்கும் ஒரு டம்ளர் அவளுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும் என்பதே என் எண்ணம். பிறருடைய படத்தை அப்படியே நகலெடுப்பதை விதிகளும் ஏற்பதில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்தக் கட்டத்திலும் பயன்படுத்தக் கூடாது என்பதையும் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் இன்று இரவே ஒரு பாத்திரத்தை எடுத்து விளக்கடியில் திருப்பிப் பாருங்கள். பாட்டி கொடுத்தது என்றால் அநேகமாகப் பெயர் வெட்டியிருக்கும். கடையில் அந்தச் சிறிய மெஷின் புள்ளி புள்ளியாகக் கொத்திக்கொண்டே போகும். எழுத்து முழுவதுமே புள்ளிகளாக இருப்பதால், மெய்யெழுத்தின் தலைமேல் இருக்க வேண்டிய புள்ளி எது, மெஷின் போட்ட புள்ளி எது என்று பிரித்துச் சொல்வது சில இடங்களில் கடினம். பல ஆண்டுகள் தேய்த்த பிறகு சில புள்ளிகள் மழுங்கியிருக்கும். அதே பரப்பில் சமையலறை ஜன்னலும், குனிந்து பார்க்கும் உங்கள் முகமும் வளைந்து நீண்டு தெரியும். கோடு, பரப்பு, ஒளியும் நிழலும், காகிதத்தில் கை பதிக்கும் தடம் என்று டிராயிங் போர்ட்ஃபோலியோவில், அதாவது அனுப்பும் படைப்புத் தொகுப்பில், மதிப்பிடப்படுபவை எல்லாம் ஒரு சம்படத்தின் மேலேயே இருக்கின்றன. ‘பளபளக்கும் பரப்பு தன்னைக் காட்டுமா, எதிரில் நிற்பவரைக் காட்டுமா?’ என்பது ஒரு கேள்வி. ‘தேய்ந்துபோன பெயரை எவ்வளவு குறைவான புள்ளிகளில் வாசிக்க முடியும்?’ என்பது இன்னொன்று. இவற்றை நான் வாய்ப்பாடாகத் தரவில்லை. அவளுடைய கேள்வியை அவள்தான் கண்டடைய வேண்டும்; நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

இத்தாலியின் பொலோஞா நகரில் வாழ்ந்த ஜார்ஜோ மொராண்டி (1890–1964), வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு மேஜைமேல் பாட்டில்களையும் டப்பாக்களையும் இடம் மாற்றி மாற்றி வைத்து வரைவதிலேயே கழித்தவர். பளபளப்பு கண்ணை இழுக்கிறது என்று அவற்றில் சிலவற்றின் மேல் மங்கிய வண்ணத்தைப் பூசிவிடுவார். உங்கள் மகளுக்கு அந்த வசதி இல்லை. பளபளப்பை எடுத்துவிட்டால் எவர்சில்வரில் வரைய என்ன இருக்கிறது? அவருடைய படங்களை அவளுக்குக் காட்டுங்கள்.

இனி காலம். செப்டம்பர், அக்டோபரில் எதையும் முடிக்கச் சொல்லாதீர்கள். பென்சில், கரி, மை, அழிப்பானால் கரியை எடுத்து வெளிச்சம் கொண்டுவருவது என்று ஒரே பாத்திரத்தைப் பத்து விதமாகச் சின்னச் சின்னத் தாள்களில் வரையட்டும். ஒவ்வொன்றையும் தேதியிட்டு வைக்கட்டும்; வேலை நடக்கும்போதே கைபேசியில் படம் எடுக்கட்டும். பின்னால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், பாதி நிலையில் இருந்த படம் முழுமையடைந்துவிட்ட பிறகு அந்தப் பாதி நிலை திரும்பக் கிடைக்காது. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குள் கேள்வியை இரண்டு வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை பெரிய வேலைகள். ஏப்ரலில் புதிதாக எதுவும் தொடங்காமல் தேர்ந்தெடுப்பது, வரிசைப்படுத்துவது, எழுதுவது, ஜன்னலோர வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுப்பது மட்டும். கனமாக வரைந்த பென்சில் கோடுகளும் எவர்சில்வரைப் போலவே மின்னித் தொலைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏ.பி. மதிப்பெண் ஜூலையில்தான் வரும். அதற்குள் கல்லூரி முடிவாகியிருக்கும். ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், உங்களை உண்மையில் நெருக்கப்போவது மே அல்ல, விண்ணப்பக் கெடு வரும் குளிர்காலம். ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் போன்ற இடங்கள் 12 முதல் 20 படங்கள் வரை கேட்கின்றன. கோடையில் வரைந்த அந்தப் பென்சில் படங்களைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், இரண்டுக்கும் உதவும். ஐந்து படைப்புகளைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். அவற்றைத் தேடல் படங்களிலிருந்தும் எடுக்கலாம், வெளியிலிருந்தும் எடுக்கலாம். ஏப்ரலில் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்து அவளே பொறுக்கிக்கொள்வாள்.

எக்செல்லை அழித்துவிடாதீர்கள். ‘படம் 1, படம் 2’ என்று இருக்கும் இடத்தில் தேதியை மட்டும் வைத்துவிட்டு, பக்கத்தில் ‘முந்தையதிலிருந்து என்ன மாற்றினேன்’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, அதை நிரப்பும் உரிமையை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்.