சாத்திய கதவுக்கு முன்னால் ஒரு பாட்டு

கேள்வி: இடைக்காலக் கிறிஸ்தவப் பவனிகளில் பாடிய பாட்டு வெறும் வழித்துணையா, சடங்கில் அதற்கு வேலை இருந்ததா?

பெரிய வேலையே இருந்தது. இயேசு எருசலேமுக்குள் நுழைந்ததை நினைவுகூரும் குருத்தோலை ஞாயிற்றை மட்டும் வைத்துச் சொல்கிறேன். எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் பல வருடமாகப் பாடுகிறேன். மனதுக்கு மிக நெருக்கமான நாள் அது.

4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் போன எகேரியா என்ற பெண், தான் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். ஒலிவ மலையிலிருந்து ஆயரோடு (பிஷப்) மக்கள் நகருக்கு இறங்கி வருவார்கள். நடக்க முடியாத சின்னப் பிள்ளைகள் பெற்றோரின் தோளில். கையில் குருத்தோலை, இல்லையென்றால் ஒலிவக் கிளை. கூட்டம் களைத்துவிடாமல் இருக்க மெல்ல மெல்ல நடை. "ஆண்டவர் பெயரால் வருகிறவர் ஆசி பெற்றவர்" என்று வழியெல்லாம் பதில் பாடிக்கொண்டே வருவார்கள்.

பிரான்சில் இருப்பவருக்கு ஒலிவ மலைக்கு எங்கே போக? அங்கே கோயில் வாசலை எருசலேமின் வாசலாக்கியது பாட்டுதான். ஆர்லியான் ஆயராக இருந்த தெயோதுல்ஃப் 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'குளோரியா லாவுஸ்' என்ற லத்தீன் கீதம்தான் அந்தப் பாட்டு. (ஆன்ஜே நகரச் சிறையிலிருந்து அவர் இதைப் பாடக் கேட்டு, பவனியில் வந்த பேரரசர் லூயி விடுதலை செய்தார் என்று ஒரு கதை உண்டு. அழகான கதை, வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை.)

பவனி திரும்பும்போது கோயில் கதவு சாத்தியிருக்கும். உள்ளே சில பாடகர்கள், வெளியே மற்ற எல்லாரும். உள்ளிருந்து பாட்டு ஒவ்வொரு வரியாக வரும். மீட்பராகிய அரசருக்குப் புகழ் சொல்லும் பல்லவியை வெளியே நிற்பவர்கள் திருப்பிப் பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் சிலுவை ஏந்தி வந்தவர் அதன் அடிக்காம்பால் கதவைத் தட்டுவார். கதவு திறக்கும். ஆண்டவர் திருநகருக்குள் நுழைந்ததைச் சொல்லும் அடுத்த பாட்டோடு கூட்டம் உள்ளே போகும். பாட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு மரக்கதவுதான்.

இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயத்தில், 13-ஆம் நூற்றாண்டு மேற்கு முகப்பில், வாசலுக்கு மேலே வானதூதர் சிற்பங்களுக்குப் பின்னால் துளைகள் இருக்கின்றன. சுவருக்குள் ஒளிந்த நடைவழியில் நின்று பாடகர்கள் அதன் வழியாகப் பாடினால், கீழே நிற்பவருக்குக் கல் தூதர்களே பாடுவதுபோல் கேட்கும். இந்த நாளுக்காகவே அப்படிக் கட்டினார்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் புனித வாரச் சடங்குகளைச் சீர்திருத்தியபோது கதவு தட்டுவது நீங்கியது, பாட்டு மட்டும் தங்கியது. எங்கள் பங்கிலும் ஓலையோடு பாடிக்கொண்டே வருகிறோம், கதவு அகலத் திறந்தே கிடக்கிறது. ஒரு நிமிடமாவது அதைச் சாத்தி வைக்கமாட்டார்களா என்று ஒவ்வொரு வருடமும் ஏங்குகிறேன்.