உள்ளூர்த் தொழில்முனைவோரையும் சங்கத் தலைவர்களையும் பேட்டி எடுக்கும்போது என்ன கேட்டால் மனம்விட்டுப் பேசுவார்கள்?

பேட்டித் தொடர் ஒன்று தொடங்கப் போவதாகவும், கையில் வைத்துக்கொள்ளப் பத்துப் பதினைந்து கேள்விகள் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு பட்டியல் என்னிடமும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், அப்புறம் வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் பெரிய பத்திரிகையாளன் ஒன்றும் இல்லை. சிறிய மாத இதழ் ஒன்றில் ஆறு வருடம் இதே மாதிரிப் பேட்டிப் பகுதியை எழுதினேன், அவ்வளவுதான். அறுபது எழுபது பேரைச் சந்தித்திருப்பேன். "இதழியல் படித்தவன் இப்படிப் பேச மாட்டான்" என்று கீழே யாராவது வந்து எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: படிக்கவில்லை.

உங்கள் பட்டியலில் என்ன இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. எப்படித் தொடங்கினீர்கள், என்னென்ன சவால்கள் வந்தன, வெற்றியின் ரகசியம் என்ன, இளைஞர்களுக்கு என்ன சொல்வீர்கள். என்னுடையதும் இதேதான். இவற்றில் எந்தக் கேள்விக்கும் அவர்கள் யோசிக்கவே வேண்டாம், கவனித்தீர்களா? விழா மேடையில் சொன்னது, வங்கி மேலாளரிடம் சொன்னது, போன வாரம் வேறொரு கேமராவிடம் சொன்னது எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். கடின உழைப்பு, நேர்மை, தன்னம்பிக்கை. ஆளை மாற்றி, தொழிலை மாற்றி இந்த மூன்றையே நான் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு இதழ்களில் ஒரு பத்தி ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதைக் கண்டுபிடித்து ஒரு வாசகர் கடிதம் போட்டார். வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் இன்றுவரை உறுத்துவது அது இல்லை.

அட்டைப்பெட்டிப் பட்டறை நடத்தும் ஒரு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். கணவருக்கு வேலை போன காலத்தில் தொடங்கிய தொழில். ஒன்றரை மணி நேரம் பேசினோம். என் முதல் கேள்வி இது: "இத்தனையையும் தனியாளா எப்படிம்மா சமாளிச்சீங்க?"

அவர் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார். அந்த நிறுத்தம் ஒலிப்பதிவில் இருக்கிறது, பின்னால் இயந்திரம் ஓடும் சத்தத்தோடு. பிற்பாடு அதைப் பத்துத் தடவையாவது போட்டுக் கேட்டிருப்பேன். அப்புறம், "சமாளிச்சுத்தானே ஆகணும் தம்பி" என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வந்தது எல்லாமே ‘நான்’. நான் ஷீட் வாங்கப் போனேன், நான் ராத்திரி உட்கார்ந்து பின் அடித்தேன், நான் கடனை அடைத்தேன். எழுதுவதற்கு வசதியான கதை. ‘ஒற்றைக் கையால் எழுப்பிய தொழில்’ என்று தலைப்புப் போட்டேன். அந்தத் தலைப்பை ஆசிரியர் வைத்தார் என்று பல வருடம் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். இல்லை, நான்தான் வைத்தேன்.

இதழ் வந்த மூன்றாம் நாள் ஒரு போன். பழக்கமில்லாத பெண் குரல். அந்த அம்மாவின் நாத்தனார் என்று பிறகுதான் தெரிந்தது. எடுத்தவுடன் கேட்டார்: "ஏங்க, நான் செத்துட்டேனா?"

முதல் இயந்திரம் வாங்கப் போட்ட பணத்தில் பாதி அவருடையது. அன்றிலிருந்து கணக்கு எழுதுவது அவர். வண்டி வாடகைக்கு வழியில்லாத நாளில் இருசக்கர வாகனத்தின் பின்னால் கட்டுக்கட்டாகப் பெட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு போய் இறக்கியவரும் அவர்தான். நான் போன அன்று அவரும் அங்கேதான் இருந்தார். மூலையில் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். புகைப்படம் எடுக்கும்போது நான் அவரிடம் சொன்னது நினைவுக்கு வந்தது: "கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்கக்கா, ஃபிரேம்ல வர்றீங்க." அவரும் தள்ளி நின்றார்.

அந்த அம்மாவைக் கூப்பிட்டேன், கொஞ்சம் கோபத்தோடுதான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க தனியாவான்னு கேட்டீங்க, சரின்னு நானும் அப்படியே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அப்படித்தான் நடந்த மாதிரி இருந்துச்சு தம்பி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவர் வாயில் வைத்தவன் நான்.

இப்படியும் நடக்குமா என்று தேடிப் படித்தபோதுதான் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1974இல் வெளியிட்ட சோதனை கண்ணில் பட்டது. மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சி ஒன்றைக் காட்டுகிறார்கள். ஒரு பிரிவிடம் "கார்கள் இடித்துக்கொண்டபோது என்ன வேகம்?" என்றும், இன்னொரு பிரிவிடம் "மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்றும் கேட்கிறார்கள். நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் கூடுதல் வேகம் சொல்கிறார்கள். ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேள்வி. படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆனால் ‘இடித்த’ பிரிவில் 50 பேரில் 7 பேரும், ‘நொறுங்கிய’ பிரிவில் 50 பேரில் 16 பேரும் பார்த்தேன் என்றார்கள். என் அட்டைப்பெட்டி அம்மா அந்தப் பதினாறு பேரில் ஒருவர்.

ஆய்வுக்கூடச் சோதனையைக் கொண்டுவந்து பட்டறைப் பேச்சில் பொருத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். அறிவியல் கட்டுரை எழுதவில்லை ஐயா, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கேள்வியில் பண்புச்சொல் இருந்தால் அடித்துவிடுவேன். தனியாளாக, துணிச்சலாக, சாதாரணக் குடும்பத்திலிருந்து, எதிர்ப்பையும் மீறி... எல்லாவற்றையும். மிஞ்சுவது மொட்டையாகத்தான் இருக்கும். "நேற்றுக் காலையில் கதவைத் திறந்ததும் முதலில் என்ன செய்தீர்கள்?" "அடுத்து யார் வந்தார்?" கேட்பதற்கு அசட்டுத்தனமாகத் தெரியும். ஆனால் அந்த ‘அடுத்து யார் வந்தார்’ என்பதை அன்று கேட்டிருந்தால் நாத்தனார் தானாக உள்ளே வந்திருப்பார்.

இன்னொன்று, உட்கார வைத்துப் பேசாதீர்கள். திருத்தம் எழுதுவதற்காக அதே பட்டறைக்கு இரண்டாம் தடவை போனேன். இந்த முறை நாற்காலி கேட்கவில்லை, அவர் பின்னாலேயே நடந்தேன். ஓரிடத்தில் அடுக்கியிருந்த ஷீட்டுகளில் ஒன்றை உருவி, ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கி, "இது இன்னிக்கு வேணாம்" என்று ஒதுக்கினார். ஏன் என்றேன். "ஈரம் குடிச்சிருக்கு." எப்படித் தெரிகிறது என்றேன். அவரால் சொல்ல முடியவில்லை. என் கையைப் பிடித்து இரண்டு ஷீட்டின் ஓரத்தையும் மாறி மாறி அமுக்க வைத்தார். ஒன்று திருப்பித் தள்ளியது, இன்னொன்று விட்டுக்கொடுத்தது. ஈரம் ஏறினால் அட்டையின் இரண்டு தாளுக்கு நடுவில் இருக்கும் நெளிவு தளர்ந்துவிடும், பெட்டிகளை அடுக்கும்போது கீழே இருப்பது உட்கார்ந்துவிடும் என்று அப்புறம் விளக்கினார். அந்த நெளிவு பெட்டியில் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும், படுக்கைவாட்டில் போனால் பாரம் தாங்காது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரப் பேட்டியில் இதில் ஒரு வரிகூட வரவில்லை. வெற்றியின் ரகசியத்தை அல்லவா கேட்டுக்கொண்டிருந்தேன்!

சங்கத் தலைவர்கள் வேறு ரகம். தொழில் செய்பவர் ‘நான் நான்’ என்றால் இவர்கள் ‘நாங்கள் நாங்கள்’ என்பார்கள். மைக் இல்லாவிட்டாலும் மேடைக் குரல் வந்துவிடும். ஒரு குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டேன். ஒற்றுமையே பலம் என்று ஐந்து தடவை சொன்னார், எண்ணினேன்.

அந்தச் சமயத்தில்தான் எலினோர் ஆஸ்ட்ரோமின் ஆய்வுகளைப் பற்றி அரைகுறையாகப் படித்திருந்தேன். 2009இல் பொருளாதார நோபல் பெற்றவர், அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண். பொதுவான தண்ணீரையும் மேய்ச்சல் நிலத்தையும் மக்கள் தாங்களே விதி போட்டுக் காப்பாற்றிய இடங்களைத் தேடித் தேடி ஆராய்ந்தவர். நெடுநாள் நிலைத்த ஏற்பாடுகளில் அவர் கண்ட ஒரு பொது அம்சம், விதியை மீறியவருக்கு எடுத்தவுடன் பெரிய தண்டனை கிடையாது, தவறு கூடக்கூடத் தண்டனையும் கூடும் என்பது. சரி, இதையே கேட்டுப் பார்ப்போம் என்று, "ஐயா, முறை தவறித் தண்ணீர் பிடித்தால் முதல் தடவை என்ன செய்வீர்கள்?" என்றேன்.

மேடைக் குரல் அங்கேயே இறங்கிவிட்டது. "மொதல் தடவை ஒண்ணும் கேட்க மாட்டோம். சும்மா அவங்க வாசல்ல போய் ரெண்டு பேர் நின்னு பேசிட்டிருப்போம்" என்றார். அடுத்த தடவை? கூட்டத்தில் பெயர் சொல்லாமல் பேசுவது. அதற்கு அடுத்து? பெயர் சொல்லி. அதற்கும் மேலே போனவர் யாராவது உண்டா என்றேன். கொஞ்ச நேரம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "ஒருத்தன். என் தம்பி." அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் எழுதவில்லை, அவரும் எழுத வேண்டாம் என்றார். ஆனால் அந்தச் சங்கம் எப்படி நிற்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"கூட்டத்துக்கு யார் வருவதில்லை?" என்பதும் நல்ல கேள்வி. வருகிறவர்களைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள்.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம். மேரி பட் ரோ என்பவர் வகுப்பறைகளைப் பல வருடம் கவனித்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியபோது மாணவர்களின் பதில் நீண்டது. அந்த மூன்று விநாடியில் எனக்கு வியர்த்துவிடும். பழகுங்கள்.

பதிவேட்டோடு ஒத்துப்போகாத வருடத்தைச் சொன்னால் உடனே மடக்காதீர்கள். அதே தலைவர், பெருமழைக்குப் பிறகுதான் சங்கம் தொடங்கினோம் என்று அடித்துச் சொன்னார். பதிவேட்டில் அதற்கு மூன்று வருடம் முந்தைய தேதி இருந்தது. அவரைப் பிடித்துவிட்டேன் என்று ஒரு அற்ப சந்தோஷம் எனக்கு. பிற்பாடு அலெஸ்ஸாண்ட்ரோ போர்டெல்லி என்ற இத்தாலிய வாய்மொழி வரலாற்றாளரைப் படித்தேன். டெர்னி என்ற எஃகு ஆலை நகரத்தில் லூயிஜி திராஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி 1949இல், நேட்டோவுக்கு எதிரான போராட்டத்தின்போது போலீசாருடன் நடந்த மோதலில் இறந்தார். ஆனால் பல தொழிலாளிகள் அந்தச் சாவை 1953இல் நடந்த ஆட்குறைப்புப் போராட்டத்தில் நடந்ததாகச் சொன்னார்கள். போர்டெல்லி அவர்களைத் திருத்திவிட்டு நகர்ந்துவிடவில்லை, ஏன் இடம் மாறியது என்று கேட்டார். அவர்கள் வாழ்க்கையையே புரட்டிப் போட்டது 1953, தங்கள் ஆள் ஒருவனின் சாவு அங்கே இருந்தால்தான் அவர்களுக்குப் பொருள் இருந்தது. நம் தலைவருக்கும் அதேதான். பதிவு செய்தது காகிதத்தில், சங்கம் ஆனது அந்த மழையில். இரண்டையும் எழுதலாம், எழுதியிருக்க வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்படி அலைந்து எழுதியதை ஒருவர் வரிக்கு வரி வாசித்து வீடியோ போட்டிருந்தார். பெயர் இல்லை, நன்றி இல்லை. நான் கைதவறி மாற்றிப் போட்ட ஒரு வருடத்தையும் அப்படியே உணர்ச்சியோடு வாசித்திருந்தார். கேட்டதற்கு, "தகவல்தானே சார், தகவல் யாருக்கும் சொந்தமா?" என்கிறார். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க எனக்கு ஐந்து மணி நேரம் ஆகும். மின்விசிறிச் சத்தம் இருந்தால் ஏழு. அது யாருக்குச் சொந்தம்? சரி, விடுங்கள்.

திருத்தம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில், ஒரு விளம்பரத்துக்குக் கீழே, இரண்டு வரி. அதற்குத்தான் இரண்டாம் தடவை போனது. நாத்தனாரிடம் பேச வேண்டும், அவர் வாயால் கேட்டு எழுத வேண்டும் என்று எண்ணம். மூலையில் அதே இடத்தில் எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "அக்கா, நான்தான் அந்தக் கட்டுரை..." என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த கட்டைப் பார்த்தார்.

"எண்ணிக்கை விட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு, திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். நான் தள்ளி நின்றேன்.