ஒரு வாரத்துல மூணு தீவா? வேணாம்மா!

கேள்வி: அக்கா, மே கடைசில நான், வீட்டுக்காரர், பத்து வயசு பையன், மாமியார் நாலு பேரும் கிரீஸ் போறோம். தீவுக்குன்னு ஏழு நாள் இருக்கு. சாண்டோரினி, மைக்கோனோஸ், கிரீட் மூணையும் பாத்துடணும்னு அவர் பிளான் போட்டிருக்கார். மாமியாருக்கு முட்டி வலி, சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சரிப்பட்டு வருமா? - திருச்சி வாசகி

பதில்: சரிப்பட்டு வராதும்மா. உங்க வீட்டுக்காரர் மேப்ல பாத்து பக்கத்து பக்கத்துலதான இருக்குன்னு நெனச்சிருப்பார். ஒவ்வொரு தடவை தீவு மாறும்போதும் ரூம் காலி பண்ணி, பெட்டிய இழுத்துட்டு துறைமுகம் போயி, ஃபெர்ரி லேட்டாச்சுன்னா வெயில்ல நின்னு, அந்தப் பக்கம் எறங்கி திரும்ப ரூம் தேடி போறதுக்குள்ள ஒரு பகல் காலி. அதுவும் கிரீட் ஒரு தீவுன்னு பேருதானே தவிர நீளம் மட்டும் 260 கிலோமீட்டர், அதுக்கே தனியா ஒரு வாரம் வேணும், அடுத்த தடவைக்கு வெச்சுக்கோங்க.

என்னைக் கேட்டா நாக்ஸோஸ்ங்கற தீவுல அஞ்சு ராத்திரி, சாண்டோரினில ரெண்டு ராத்திரி, அவ்ளோதான். ஏதென்ஸ் பக்கத்துல பிரேயஸ் துறைமுகத்துலேர்ந்து பெரிய ஃபெர்ரி நாக்ஸோஸுக்கு அஞ்சு, அஞ்சரை மணி நேரம் ஆகும், டெக்ல உக்காந்து வேடிக்கை பாத்துட்டே போலாம், பையனுக்கு அதுவே பாதி டூர். ரூம் ஊருக்குள்ளயே அகியோஸ் யோர்கியோஸ் பீச் பக்கம் போடுங்க, மேடு பள்ளம் இல்லாத இடம், கடலும் ரொம்ப தூரத்துக்கு ஆழம் கிடையாது. தண்ணி மே மாசம் கொஞ்சம் சில்லுனுதான் இருக்கும், பையன் கண்டுக்க மாட்டான். பிளாக்கா பீச் நீளமா அழகா இருக்கும், ஆனா அங்க சில பகுதில துணி இல்லாம படுத்திருப்பாங்க, மாமியாரோட போறதால முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்!

சாயங்காலம் போர்ட்டாரா போங்க. துறைமுகத்த ஒட்டி சின்ன திட்டு, அதுமேல ஒத்த பளிங்கு வாசல் மட்டும் நிக்கும், ஆறு மீட்டர் உசரம். கிமு 530 வாக்குல லிக்டமிஸ்னு ஒரு சர்வாதிகாரி கோயில் கட்ட ஆரம்பிச்சு பாதில நின்னு போச்சு, பின்னாடி வந்த வெனிஸ்காரங்க கல்லையெல்லாம் பேத்து மேல கோட்டை கட்டிக்கிட்டாங்க, இந்த வாசல் மட்டும் தப்பிச்சுது. டிக்கெட் கிடையாது, கூட்டமும் சாண்டோரினி அளவுக்கு இருக்காது. காத்துதான் பலமா அடிக்கும், மாமியாருக்கு ஒரு சால்வை எடுத்துக்கோங்க.

ஒருநாள் கார் வாடகைக்கு எடுங்க, அதுக்கு வீட்டுக்காரர் இங்கயே ஆர்டிஓ ஆஃபீஸ்ல இன்டர்நேஷனல் பர்மிட் வாங்கிக்கணும். வடக்கு மூலைல அப்போலோனாஸ்னு ஒரு ஊரு, அங்க பழைய குவாரில பத்து மீட்டருக்கு மேல நீளமா ஒரு சிலை மல்லாக்க படுத்திருக்கு. முடிக்காம விட்ட சிலை. கிட்டப் போய் பாத்தா முகம்னு ஒரு மேடு, தாடி, முழங்கை, பாதம்னு வடிவம் மட்டும் தெரியும், உளி போட்ட தடம் இன்னும் அப்படியே இருக்கு, பக்கத்துப் பாறையோட நெறமும் அது நெறமும் ஒண்ணுங்கறதால சட்டுனு கண்ணுக்கே படாது. எனக்கு மியூசியத்துல நிக்கிற பளபளப்பு சிலைங்கள விட இதுதான் பிடிக்கும்.

வர்ற வழில ஹால்கி கிராமத்துல நிறுத்துங்க. அங்க நார்த்தை எலைலேர்ந்து கிட்ரோன்னு ஒரு மதுபானம் காய்ச்சுற வடிசாலை 1896லேர்ந்து இருக்கு. குடிக்காதவங்களுக்கு அதே நார்த்தைய சக்கரைப் பாகுல போட்டு இனிப்பா வெச்சிருப்பாங்க, மாமியாருக்கு கண்டிப்பா பிடிக்கும்.

சாப்பாட்டுக்கு பயப்படாதீங்க. ஃபாவான்னு மஞ்சள் பருப்ப மசிச்சு எண்ணெய், வெங்காயம் போட்டு தருவாங்க, நம்ம பருப்பு மசியல் மாதிரியேதான். ஜிகாண்டெஸ்னு பெரிய பீன்ஸ், அரிசி அடைச்ச தக்காளி எல்லாம் கிடைக்கும் (அரிசியோட கறி கலந்திருக்கான்னு கேட்டுக்கோங்க). அங்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்களோட விரத சாப்பாட்ட நிஸ்தீசிமோன்னு சொல்வாங்க, அந்த வார்த்தைய சொன்னா கறி, முட்டை, பால் இல்லாததா காட்டுவாங்க. ஆனா உஷார், ஆக்டோபஸும் கணவாயும் அவங்க விரதத்துல சேத்தி! கீரை வெச்சு பேக் பண்ற பை (pie) பலகாரத்துல முட்டை இருக்கலாம், சீஸ் பல வகைல கன்னுக்குட்டி, ஆட்டுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற, பால திரிய வைக்கற ரென்னெட் போடுவாங்க, மாமியார் அவ்ளோ ஸ்ட்ரிக்ட்னா தயிரோட நிறுத்திக்கட்டும்.

சாண்டோரினில ஓயாங்கற ஊர்ல சன்செட் பாக்க முண்டியடிக்காதீங்க, முட்டி வலிக்காரங்களுக்கு அந்த படிக்கட்டு கூட்டம் வேணாம். தீவோட முக்கிய ஊரான ஃபீரா பக்கம் எங்கயாவது காஃபி வாங்கி உக்காந்தா அதே எரிமலைப் பள்ளம், அதே கடல். மறுநாள் காலைல அக்ரோத்திரி போங்க, சுமார் 3600 வருஷத்துக்கு முன்னாடி எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச ஊரு, மாடி வீடு, சாக்கடைக் குழாய் எல்லாம் தெரியும், மேல கூரை போட்டிருக்கறதால வெயிலும் இல்ல.

மைக்கோனோஸா? பார்ட்டி பண்ற ஊரும்மா அது, உங்க செட்டுக்கு சரிப்படாது. விசாவுக்கு மட்டும் இப்பவே அப்பாயின்ட்மென்ட் போடுங்க, சம்மர்ல ஸ்லாட் கிடைக்கறது குதிரைக் கொம்பு. அப்புறம் அங்க நெறைய எடத்துல டாய்லெட் பேப்பர கக்கூஸ்ல போடக் கூடாது, பக்கத்துல இருக்கற கூடைலதான் போடணும், பையன்கிட்ட மொத நாளே சொல்லிடுங்க.